கைப்பூட்டு

பொற்கொடிக்கு முட்டாள்களைக் கண்டால் ஆகாது. சிக்கல் என்னவென்றால், அவள் அளவுகோலில் தேறுகிற ஆள் அந்தக் கட்டடத்தில் யாருமே இல்லை. தடயவியல் கூடத்தில் துப்பாக்கிப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. உதவிக்கு இருந்தவர் வேலைக்கு வந்த நாளிலும் விடுப்பில் இருப்பவர் போலவே உட்கார்ந்திருப்பார். மேலே இயக்குநர் கோதண்டபாணி, பெயருக்கு முன்னால் டாக்டர். எதில் டாக்டர் என்று கேட்டால் காபி வரவழைத்துப் பேச்சை மாற்றுவார். இவர்களோடு காலம் தள்ளுவது தன் தலையெழுத்து என்று பொற்கொடி அடிக்கடி சொல்லிக்கொள்வாள், அதுவும் அவர்கள் காதில் விழும்படி.

அவள் பிழைப்பே ஒரு கேலிக்கூத்தான சட்டத்தால் ஓடியது. எங்கெங்கோ யார் யாரோ துப்பாக்கிக்குப் பலியானபோதெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அரசாங்கம், ஒரு மந்திரியின் மெய்க்காவலர் இடுப்பிலிருந்து துப்பாக்கி நழுவி விழுந்து மந்திரியின் கால் கட்டைவிரலைக் கொண்டுபோனதும் துள்ளி எழுந்தது. இனி நாட்டில் எந்தக் கைத்துப்பாக்கியானாலும் அதன் பிடியில் ஒரு பூட்டு இருக்க வேண்டும். மனிதக் கை முறையாகப் பிடித்தால்தான் ட்ரிகர் அசையும். பூட்டில்லாத பழைய துப்பாக்கிகளையெல்லாம் அரசே வாங்கி உருக்கிவிட்டது. கைப்பூட்டுச் சட்டம் என்று பெயர். மந்திரியின் கட்டைவிரல் சட்டம் என்றுதான் பொற்கொடி சொல்வாள்.

பூட்டு எதைப் பார்த்துத் திறக்கிறது என்பதை மட்டும் வெளியே சொல்லவில்லை. தெரிந்தால் ஏமாற்ற வழி தேடுவார்கள் என்று பயம். உள்ளங்கைச் சூடு என்றது விளம்பரம். விரல்களின் அழுத்தம் என்றார்கள், தொலைக்காட்சியில் உட்கார்ந்து எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள். உண்மை தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அத்தனை பேரிடமும் ரகசியம் காப்பதாக எழுதி வாங்கியிருந்தார்கள். பொற்கொடி அவர்களில் ஒருத்தி, அந்தப் பெருமை அவள் நடையிலேயே தெரியும்.

நெய்தல்பாக்கம் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் மாசிலாமணி ஒரு துணிக்கடைப் பையோடு வந்து நின்றபோது, அவரையும் முட்டாள்களோடு சேர்க்க அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. பையிலிருந்து பூட்டு வைத்த புது ரகக் கைத்துப்பாக்கி வெளியே வந்தது. கேட்பாரற்றுக் கிடந்த ஆயுதம், பழுது பார்த்துத் திருப்பித் தரவும் என்று ஒரு கடிதமும் கூடவே வந்தது. ஆள் நல்ல உயரம், சாதுவான முகம், வாயில் ஓயாமல் ஒரு ஏலக்காய்.

"சில நேரம் சுடுது மேடம், சில நேரம் சுட மாட்டேங்குது" என்றார்.

"இன்ஸ்பெக்டர், துப்பாக்கி சுடலைன்னு மொட்டையா சொன்னா எனக்கு ஒண்ணும் புரியாது. டாக்டர்கிட்டப் போய் உடம்பு சரியில்லைன்னு மட்டும் சொன்னா அவர் என்ன மருந்து எழுதுவாரு? ட்ரிகர் அழுத்தினதும் டக்குன்னு சத்தம் கேட்டு வெடிக்காம போச்சுன்னா, தோட்டா சொத்தையா இருக்கும், இல்ல தோட்டாவைக் குத்துற ஃபயரிங் பின் தேஞ்சிருக்கும். ஒண்ணு வெடிச்சு அடுத்தது மேல ஏறலைன்னா மேகசின் ஸ்பிரிங்கைப் பாக்கணும். காலி உறை வெளிய போகாம, மேல முன்னும் பின்னும் ஓடுற ஸ்லைடு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னா, பிடிச்சவன் மணிக்கட்டு தொளதொளன்னு இருந்திருக்கும், அதுக்குத் துப்பாக்கி என்ன பண்ணும்? இதுல உங்களுக்கு எது?"

மாசிலாமணி கொஞ்சம் யோசித்தார். "டப்பா நல்லாத்தான் ஏறுச்சு மேடம்."

"எந்த டப்பா?"

"தோட்டா போட்டு உள்ள சொருகுவோமே, அந்த டப்பா."

பொற்கொடி கண்ணை மூடித் திறந்தாள். இடுப்பில் துப்பாக்கியோடு திரிகிறவனுக்கு மேகசின் என்கிற வார்த்தை வாயில் வரவில்லை. இவன் கையில்தான் நெய்தல்பாக்கத்து ஜனங்களின் உயிர்.

"வெச்சிட்டுப் போங்க. நான் பாக்குறேன்."

பார்த்தாள். பிரித்துப் போட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தாள். மேகசின் ஸ்பிரிங் புத்தம் புதிது மாதிரி விறைப்பாக இருந்தது. ஃபயரிங் பின் முனை தேயவில்லை. காலி உறையைக் கவ்வி இழுக்கும் கொக்கியிலும் குறையில்லை, தட்டி வெளியே தள்ளும் எஜெக்டரிலும் குறையில்லை. ஸ்லைடு எண்ணெய் தடவின கதவுபோல ஓடியது. சுடும் அறையில் வைத்துத் தோட்டா பெட்டி பெட்டியாகச் சுட்டுப் பார்த்தாள். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. இவ்வளவு ஆரோக்கியமான துப்பாக்கியை அவள் அந்த வருஷம் பார்த்ததே இல்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. பழுதைச் சொல்லத் தெரியாத மடையன் தன் நேரத்தை வீணடித்துவிட்டான் என்று மாசிலாமணியை மறுபடி வரவழைத்தாள்.

"துப்பாக்கி நல்லா இருக்கு. உங்ககிட்ட ஏன் சுடலை? ட்ரிகர் அசைஞ்சும் வெடிக்கலையா, இல்ல அசையவே இல்லையா?"

"அசையவே இல்ல மேடம். கல்லு மாதிரி நின்னுச்சு."

"அப்போ பூட்டு திறக்கல. யார் பிடிச்சிருந்தா?"

"ஒருத்தன்."

"கையுறை போட்டிருந்தானா?"

"அதெல்லாம் இல்ல."

"உள்ளங்கை பிடியில முழுசாப் படணும். அப்படிப் பிடிச்சானா?"

"படற மாதிரிதான் வெச்சோம்."

"வெச்சோமா?"

ஏலக்காய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது. "பிடிக்கச் சொன்னோம்னு சொல்ல வந்தேன் மேடம். கை கொஞ்சம் ஜில்லுனு இருந்துச்சு. பூட்டு சூட்டைத்தான் பாக்கும்னு விளம்பரத்துல சொல்றாங்களே, அதான் வெந்நீர்ப் பை கொண்டாந்து கையைச் சூடு பண்ணிக்கூடப் பாத்தோம். அப்பவும் அசையல. அதே துப்பாக்கியை நம்ம ஏட்டு கையில குடுத்தா ஜோரா சுடுது."

"இவ்வளவு பண்ணும்போது அந்த ஆள் ஒண்ணும் சொல்லலையா?"

"அவன் எதுவும் சொல்ற நிலைமையில இல்ல மேடம்" என்றார் மாசிலாமணி, வெகு சாதாரணமாக.

பொற்கொடிக்கு விஷயம் அந்த நொடியில் விளங்கியது. கைப்பூட்டு பார்ப்பது சூட்டை அல்ல, அழுத்தத்தை அல்ல, நாடியை. பிடியில் மறைத்து வைத்த இரண்டு தகடுகள் உள்ளங்கையில் ரத்தம் துடிப்பதைக் கேட்கும். துடிப்பு இருந்தால் ட்ரிகர் விடுபடும். இல்லாவிட்டால் வெந்நீர்ப் பை என்ன, கொதிக்கும் எண்ணெயில் முக்கி எடுத்தாலும் விடுபடாது.

அந்த மாதம் நெய்தல்பாக்கத்தில் பம்பு லோகு என்கிற ரவுடியைப் போலீஸ் சுட்டுக் கொன்றதைப் பத்திரிகையில் அவளும் படித்திருந்தாள். அரிவாளால் வெட்ட வந்தானாம், தற்காப்புக்குச் சுட்டார்களாம். குண்டு பட்ட அவ்வளவு தூரத்திலிருந்து அரிவாளால் எப்படி வெட்டுவான் என்று மாஜிஸ்திரேட் கேட்டு, மாசிலாமணி விழித்ததாகவும் செய்தி வந்திருந்தது. அந்த ஸ்டேஷனின் கைவழக்கம் இப்போது அவளுக்குப் புரிந்தது. முதலில் ஆளைச் சுட வேண்டியது. பிறகு செத்தவன் கையில் துப்பாக்கியைச் செருகி, அவன் விரல்மேல் தன் விரலை வைத்து ஒரு குண்டு வெடிக்க வேண்டியது. கையில் வெடிமருந்துப் புகை படிந்துவிடும், அவன்தான் முதலில் சுட்டான் என்பதற்கு அதுவே சாட்சி. லோகு விஷயத்தில் துப்பாக்கி மறுத்துவிட்டது, அதனால் கடைசி நிமிஷத்தில் அரிவாள். கொன்றதோடு நிற்காமல், கொலைக்கு ஒத்துழைக்காத துப்பாக்கியைப் பழுது பார்க்க அரசாங்கக் கூடத்துக்கே கொண்டுவந்திருக்கிறான். இப்படி ஒரு முட்டாளை அவள் தன் அனுபவத்தில் கண்டதில்லை.

"இன்னும் கொஞ்சம் சோதிக்கணும்" என்று மட்டும் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, நேரே கோதண்டபாணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "நம்மகிட்டக் கேட்ட கேள்வி என்னம்மா? துப்பாக்கி ஓடுதா, ஓடலையா. அதுக்கு மட்டும் பதில் சொல்லு. அவங்க அதை என்ன பண்ணப் போறாங்கங்கிறது நம்ம பிரிவு இல்ல."

"எது சார் நம்ம பிரிவு? சம்பளம் வாங்குறது மட்டுமா?"

அவர் சிரித்தார். அவமானப்படுவதற்குக்கூட ஒரு அருகதை வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

மறுநாள் கூடத்தின் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. ஓட்டி வந்தவள் இறங்கி, காக்கிச் சட்டையின் கைமடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, காவலாளியைத் தாண்டி நேராகப் பொற்கொடியிடம் வந்தாள்.

"துப்பாக்கி டாக்டரு நீங்கதானாம்மா? என் பேரு அமுலு. பம்பு லோகு என் வூட்டுக்காரருக்கு அண்ணன்."

பொற்கொடி நாற்காலியைக் காட்டினாள். அமுலு உட்காரவில்லை.

"அவரு ரவுடிதான், இல்லேங்கல. என் வூட்டுக்காரரு தணிகாசலம் அப்படியில்ல, கல்யாணப் பந்தலுக்கு லைட்டு போடறவரு. அண்ணனை வூட்டு வாசல்ல வெச்சு சுட்டதைக் கண்ணால பாத்துட்டாரு. கோர்ட்ல சொல்லுவேன்னு கத்துனாரு. கஞ்சா கேசு போட்டு உள்ள தள்ளிட்டாங்கோ. இப்ப விசாரணைக்குன்னு ஜெயில்லேருந்து வெளிய எடுக்கப் போறாங்களாம். ஸ்டேஷன்ல ஒருத்தரு எங்க தெருக்காரரு, அவருதான் சொன்னாரு. சாமான் ரிப்பேருக்குப் போயிருக்கு, அது வந்தாதான் தணிகாசலத்தை வெளிய எடுப்பாங்கன்னு." அவள் குரல் அங்கே கொஞ்சம் இறங்கியது. "ரிப்பேரு ஆயிடுச்சாம்மா?"

ஒரு மனிதனின் உயிர் பொற்கொடியின் மேசையில், துணிக்கடைப் பைக்குள் கிடந்தது. அது பழுதாக இருக்கும்வரை அவன் இருப்பான்.

"ஆகல" என்றாள். "ஆகவும் ஆகாது. நான் பாத்துக்கிறேன்."

"ஜட்ஜு அய்யாவுக்கு நீங்களே ஒரு வார்த்தை எழுதிப் போட்டா ஆகாதாம்மா?"

எழுதலாம்தான். எழுதினால் பூட்டின் ரகசியத்தை எழுத வேண்டும், கோதண்டபாணியின் கையெழுத்து வேண்டும், விசாரணை, விளக்கம் என்று இழுபடும். அதையெல்லாம்விட, அந்த ஏலக்காய் ஆசாமிக்காக அவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று அவளுக்குத் தோன்றியது. டப்பா என்கிறவனை ஏய்க்கத் தன் வாய் ஒன்று போதாதா?

"தேவையில்ல அமுலு. இவனுங்களுக்கு இதுவே அதிகம்" என்றாள்.

அதிலிருந்து அந்தத் துப்பாக்கிக்கு வராத நோய் இல்லை. மாசிலாமணி வரும்போதெல்லாம் பொற்கொடி ஒரு புதுப் பழுதை எடுத்து வைத்தாள். ஒரு முறை மேகசினின் உதடு வளைந்திருந்தது, அதனால் தோட்டா மூக்கு முட்டி நிற்கிறது என்றாள். அடுத்த முறை எஜெக்டரில் மயிரிழை விரிசல். அப்புறம் ஸ்லைடைத் திரும்பத் தள்ளுகிற ஸ்பிரிங்குக்கு வெளிநாட்டிலிருந்து உதிரி வர வேண்டியிருந்தது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "அப்படிங்களா மேடம்", "ஸ்பிரிங் எங்க மேடம் இருக்கும்?" என்று பச்சைக் குழந்தை மாதிரி கேட்டார். பதில் சொல்லச் சொல்ல அவளுக்கு உற்சாகம் கூடியது. உண்மையில் அந்த நாட்களில்தான் அவள் வேலைக்குச் சந்தோஷமாக வந்தாள்.

அமுலுவும் சவாரிக்கு நடுவே வாசலில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பாள்.

"இன்னிக்கு இன்னா கெட்டுப்போச்சும்மா?"

"எஜெக்டர்."

"அது பெரிய சாமானா?"

"ரொம்பப் பெரிய சாமான். லேசுல கிடைக்காது."

அமுலு கும்பிட்டுவிட்டுப் போவாள். எஜெக்டர், மேகசின், ஸ்பிரிங் என்று அவள் வாயில் அந்தப் பெயர்கள் சுத்தமாக வந்தன. மாசிலாமணியைவிட இவளுக்கு எவ்வளவோ மூளை என்று பொற்கொடி நினைத்தாள். போகிற போக்கில் அமுலு ஒரு நாள், "கடுதாசி ஒண்ணும் போடலையாம்மா?" என்று மறுபடி கேட்டாள். பொற்கொடிக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒருத்தி ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது கடுதாசி கடுதாசி என்றால் எப்படி?

மழைக்காலம் தொடங்கின சமயத்தில் கோதண்டபாணி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே மாசிலாமணி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மேடம்" என்று மிகவும் பணிவாக ஆரம்பித்தார். "டிவியில ஆயுத நிபுணர்னு ஒருத்தர் வருவாரே, காதுல கடுக்கன் போட்டுக்கிட்டு, அவர்கிட்டக் கேட்டேன். இது ஃபயரிங் பின் கோளாறுதான், அஞ்சு நிமிஷ வேலைங்கிறார். இவ்வளவு நாளா கண்டுபிடிக்க முடியலைன்னா, கூடத்துல இருக்கிற அம்மாவுக்கு விஷயம் தெரியலைன்னு அர்த்தம்ங்கிறார். ஒரு நாள் குடுத்தீங்கன்னா அவரே பாத்துடுவாரு."

"குடுத்துடும்மா" என்றார் கோதண்டபாணி. "நம்மளால முடியலைன்னா முடியலைன்னு ஒத்துக்கிறதுல என்ன கௌரவக் குறைச்சல்?"

கடுக்கன் போட்டவனை அவளுக்குத் தெரியும். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறவன். அவனுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லையாம். இதைச் சொல்ல ஒரு கொலைகாரன், அதற்குத் தலையாட்ட ஒரு காபி டாக்டர். பொற்கொடிக்கு ரத்தம் தலைக்கேறியது.

"ஃபயரிங் பின்ல ஒண்ணுமில்ல" என்றாள். "அந்தத் துப்பாக்கியில எதுலயுமே ஒண்ணுமில்ல. இத்தனை நாள் நான் சொன்னதெல்லாம் கதை. நீங்க என்ன பண்ணீங்கன்னு எனக்கு முதல் நாளே தெரியும் இன்ஸ்பெக்டர். பூட்டு பாக்கிறது சூட்டை இல்ல, நாடியை. செத்தவன் கையில வெச்சு யார் அழுத்தினாலும் அது சுடாது. வெந்நீர்ப் பையைக் கட்டிக்கிட்டு அழுதாலும் சுடாது. ஒரு இரும்புத் துண்டுக்கு இருக்கிற மானம்கூட உங்களுக்கு இல்ல."

கோதண்டபாணியின் காபி டம்ளர் பாதி வழியில் தங்கியது. பொற்கொடிக்கு மனசுக்குள் ஜிலுஜிலுவென்று இருந்தது. சொல்லியாகிவிட்டது. தன் குட்டு இன்னொருத்தருக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தபிறகு எந்தக் கொலைகாரன் அதே வேலையை மறுபடி செய்வான்? எழுதுவதைவிட இது நல்லது என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

மாசிலாமணி மடியிலிருந்த தொப்பியை நேராக்கிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்போ உயிரோட இருக்கிற கையில வெச்சா?"

"உயிர் இருந்தா யார் பிடிச்சாலும் சுடும். பச்சைக் குழந்தை பிடிச்சாக்கூடச் சுடும். பழுது துப்பாக்கியில இல்ல, உங்ககிட்ட."

"ஒரே தடவையில சுட்டுடுமா மேடம்? சிக்காதே?"

"நான் சோதிச்ச துப்பாக்கி சிக்காது" என்றாள் பொற்கொடி.

அவர் எழுந்து கை கூப்பினார். கண்களில் பயம் எதுவும் தெரியவில்லை. எதுவும் புரியாத மண்டூகம், பயப்படவும் கொஞ்சம் மூளை வேண்டுமே என்று அவள் எண்ணிக்கொண்டாள். பழுதில்லாத துப்பாக்கியை வைத்துக்கொள்ளக் கூடத்துக்கு உரிமை கிடையாது. கோதண்டபாணி அதைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் வாசலில் அமுலுவைப் பார்த்ததும் பொற்கொடியே ஓடிப்போய்ச் சொன்னாள். "மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன் அமுலு. எல்லாம் எனக்குத் தெரியும்னு போட்டு உடைச்சுட்டேன். மறுத்து ஒரு வார்த்தை பேசல. இனிமே உன் புருஷன் மேல கை வைக்க மாட்டான்."

அமுலு சிரிக்கவில்லை. "துப்பாக்கி எங்கம்மா?"

"எடுத்துட்டுப் போயிட்டான். அது போனா என்ன, அது அவனுக்குச் சுடாதுன்னு சொல்லிட்டேனே."

"எப்ப சுடும்னும் சொன்னீங்களா?"

பதிலுக்கு நிற்காமல் அமுலு வண்டியைத் திருப்பிவிட்டாள். பின்சீட்டில் இருந்த ஆட்கள் எங்கே போகிறாய் என்று கத்துவது தெருமுனைவரை கேட்டது.

அன்றைக்குப் பொற்கொடி எழுதினாள். மாஜிஸ்திரேட்டுக்கு, மனித உரிமை ஆணையத்துக்கு, யாருக்கெல்லாம் அனுப்ப முடியுமோ அவர்களுக்கெல்லாம். ரகசியம், கையெழுத்து எதையும் பார்க்கவில்லை. அனுப்பிய கடிதங்கள் வந்து சேர்ந்தன என்று பதில்கள் வந்தன. அவை வருவதற்குள் தணிகாசலத்தை விசாரணைக்கு வெளியே எடுத்து, உப்பளத்துப் பக்கம் கூட்டிப்போய் முடித்துவிட்டார்கள். மறைத்து வைத்திருந்த ஆயுதத்தை எடுத்துக் காட்டுவதாகச் சொன்னவன், அதை எடுத்ததும் போலீசாரை நோக்கிச் சுட்டானாம். தற்காப்புக்குத் திருப்பிச் சுட்டதில் இறந்தானாம். தொலைக்காட்சியில் கடுக்கன் போட்டவர் வந்து, இப்போதைய துப்பாக்கிகளின் நம்பகத்தன்மை பற்றி அரை மணி நேரம் பேசினார்.

துப்பாக்கி மறுபடியும் அவள் மேசைக்கே வந்தது, இந்த முறை அரக்கு முத்திரையோடு, வழக்கின் சாட்சிப் பொருளாக. மாசிலாமணியே கொண்டுவந்தார். அறையில் வேறு யாரும் இல்லை.

"எப்படிப் பண்ணீங்க?" என்றாள் பொற்கொடி.

"நீங்க சொன்ன மாதிரிதான் மேடம். இவ்வளவு நாள் முதல்ல நாங்க, அப்புறம் அவன்னு போயிட்டிருந்தோம். வரிசையை மாத்திக்கிட்டோம்." ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு தொடர்ந்தார். "உயிரோட இருக்கிறவன் கையில லோடு பண்ண துப்பாக்கியைக் குடுக்கிறது சின்ன விஷயமா? ஒரே ஒரு தோட்டா போட்டோம், நாலு பேரு கையை வானத்தைப் பாக்க அமுக்கிப் பிடிச்சோம். ஆனா ஒரே தடவையில வெடிக்கும்னு உறுதியாத் தெரிஞ்சாத்தானே அந்த ரிஸ்க் எடுக்க முடியும்? அந்த உறுதியைச் சொல்லத்தான் ஆள் இல்லாம இருந்துச்சு."

"டப்பான்னு சொன்ன ஆளா நீங்க?"

"நான் பி.இ. மெக்கானிக்கல் மேடம். நம்ம ஊர்ல யார் படிக்கல அதை? வேலை கிடைக்கல, எஸ்.ஐ. பரீட்சை எழுதினேன்." அவர் முகம் அதே சாதுவாகத்தான் இருந்தது. "மேகசின் உதடு வளைஞ்சிருக்குன்னு சொன்னீங்க. குடுக்கிறதுக்கு முன்னாடியே அளந்து பாத்துட்டேன், வளையல. எஜெக்டரும் லென்ஸ் வெச்சுப் பாத்ததுதான். மெக்கானிக்கலா பழுது இல்லைன்னு எனக்கே தெரியும். பூட்டுக்குள்ள என்ன இருக்குங்கிறதுதான் தெரியல, அது உங்களை மாதிரி ஆளுங்க வாயால வந்தாத்தான் உண்டு. உங்களுக்கு எங்களைக் கண்டா இளக்காரம். முட்டாள்னு நினைக்கிறவன்கிட்ட மனுஷங்க எதையும் ஒளிக்க மாட்டாங்க மேடம். டைரக்டர் ரூம்ல பேசினதை ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன். ரகசியத்தை வெளிய விட்டது யாருன்னு கேள்வி வந்தா உதவும்."

அவர் போனபிறகு அவள் பூட்டைத் திறந்து அதன் நினைவகத்தைக் கணினியில் படித்தாள். கடைசியாகப் பிடித்த கையின் நாடி அதில் பதிந்திருக்கும். திரையில் கோடு ஓடியது. சுடுவதற்கு வெகுநேரம் முன்பே அந்தக் கை பிடியில் இருந்தது, தறிகெட்டு அடித்துக்கொண்டு. நடுவில் வெடித்த இடம் தெரிந்தது. அதற்குப் பிறகும் கை விலகவில்லை. யாரோ அமுக்கி வைத்திருக்கிறார்கள். துடிப்பு விட்டு விட்டு வந்து, மெலிந்து, பிறகு கோடு நேரானது. ஒளித்த ஆயுதத்தை எடுத்ததும் சுட்டவன் கை இப்படி இருக்காது. கூடத்தில் துப்பாக்கிகளோடு இருந்த இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவள் மேசையில் தலை வைத்து அழுதாள்.

அறிக்கையில் அந்தக் கோட்டை வைத்தாள். அதன் பொருளை எழுதினாள். மாசிலாமணிக்கு வழி சொன்னது யார், எந்த அறையில், என்ன வார்த்தையில் என்பதையும் விடாமல் எழுதினாள். கோதண்டபாணி படித்துவிட்டு, "உன் பேரும் மாட்டுமேம்மா" என்றார். "மாட்டட்டும் சார்" என்று கையெழுத்துப் போட்டாள். அந்தக் கணத்தில் தான் நேர்மையான ஆள் என்று கொஞ்சம் நிம்மதிகூட அவளுக்கு வந்தது.

அந்த நிம்மதியோடுதான் நெய்தல்பாக்கத்து ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனாள். அமுலு வண்டியின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பொற்கொடி எல்லாவற்றையும் சொன்னாள். கோடு, அறிக்கை, தன் பெயரையும் அதில் சேர்த்தது, வேலை போகலாம் என்பது, ஜெயிலுக்குக்கூடப் போக நேரலாம் என்பது. அமுலு துடைப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப துப்பாக்கியில கோளாறு இன்னான்னு கண்டுபுடிச்சு சொன்னது நீங்கதான்" என்றாள் கடைசியில்.

"ஆமா."

அமுலு துணியை உதறி மடித்து இருக்கைக்கு அடியில் வைத்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒரு மட்டமான சாமானைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறவர்களின் முகம் அது.

"நல்லா ரிப்பேர் பண்ணிக்கீறம்மா. ஒரே அமுக்குல வெடிச்சுதாம். எங்க தெரு வரைக்கும் சத்தம் கேட்டுச்சு."

அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.